தலைக்கு மேலே வரும் கை

மகனுக்கு,

'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்குவதுதான் முறை. அப்படித் தொடங்கினால் முதல் வரியிலேயே பொய் சொன்னவளாகிவிடுவேன். நான் சுகம். அப்பா சுகம், முழங்கால் மட்டும் அவரோடு சண்டை பிடிக்கிறது. கெவின்தான் சுகமாக இருக்கவில்லை. நீ கிழமைக்கு ஒருமுறை "கெவின் சாப்பிடுதா?" என்று ஒரு வரி அனுப்புவாய். நான் "ஓம் ராசா, நல்லா சாப்பிடுது" என்று பதில் போட்டுப் பக்கத்தில் ஒரு சிரிக்கிற முகமும் வைப்பேன். உன் ஓணான் அப்போது வயிறு ஒட்டிப்போய்க் கண்ணாடித் தொட்டியின் மூலையில் கிடந்தது. மெல்பேர்னில் நீ அந்தச் சிரிக்கிற முகத்தைப் பார்த்து நிம்மதியாகப் படுத்திருப்பாய். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. நடந்ததை வேறு யாரும் சொல்லி நீ கேள்விப்படுவதற்கு முன்னால் நானே எழுதிவிடுகிறேன்.

தமிழில் எழுதியிருக்கிறேனே என்று அலுத்துக்கொள்ளாதே. என் இங்கிலீஷ் நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்து இங்கிலீஷ். கையைத் தூக்குங்கள், காலை நீட்டுங்கள், மருந்து குடித்தீர்களா, இதற்கு மேல் அதில் எனக்கு மனம் திறந்து கதைக்க வராது. உன்னைச் சனிக்கிழமை தோறும் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு போனதற்காக நீ எத்தனை தரம் என்னோடு கோபித்திருப்பாய்! அந்த இழுவைக்கு இன்றைக்குத்தான் ஒரு பிரயோசனம். எழுத்துக்குக் கீழே விரலை வைத்து மெதுவாகத்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். மெதுவாகவே வாசி. போனில் வருவதைப் பார்ப்பது போல ஒரு கண்ணால் பார்த்துவிட்டு மூடிவைத்துவிடாதே.

கெவின் நம் வீட்டுக்கு வந்த நாளை நீ மறந்திருக்க மாட்டாய். ஆல்பனியில் அந்த வேலையை விட்டுவிட்டு நீ அறைக்குள்ளேயே இருந்த காலம். ஒருநாள் வெளியே போய், ஒரு பெட்டியோடு வந்தாய். அட, பிள்ளை கடைக்கெல்லாம் போகத் தொடங்கிவிட்டான் என்று சந்தோஷப்பட்டு எட்டிப் பார்த்தால், உள்ளே என் விரல் நீளத்தில் ஒரு ஓணான் குஞ்சு! தாடி ஓணானாம். வளர்ந்தால் முழங்கை அளவுக்கு வருமாம். "வேலியால போன ஓணானை மடியில விட்டுட்டுக் குத்துது குடையுது எண்டானாம், அது மாதிரி எல்லோ கிடக்கு உன்ர வேலை" என்று நான் கத்தினேன். நீ சிரித்தாய். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நீ சிரித்த முதல் சிரிப்பு அது. அதற்குக் கெவின் என்று பெயர் வைத்தபோது நமது சபையில் இருக்கிற கெவினின் தாய்க்கு இதை எப்படிச் சொல்வேன் என்று நான் தலையில் கை வைத்தேன். அதற்கும் சிரித்தாய். அந்தச் சிரிப்புக்காக முதலையைக் கொண்டுவந்திருந்தாலும் நான் குளியலறையில் இடம் விட்டிருப்பேன்.

அந்த ஓணான் வந்த பிறகு நீ மெல்ல மெல்லத் தெளிந்து வந்தாய். கெடுத்தது நான். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். எங்கள் வீட்டில் தவளையின் வாயால் பிள்ளை கெட்டுப்போனான். மவுண்ட் வெல்லிங்டன் மோலின் கார் பார்க்கில், சாமான்களைப் பின்னால் வைத்துவிட்டுக் காருக்குள் வந்து இருந்தபோது நீ என்னிடம் சொன்னாய். அந்த ஆல்பனி வேலைக்குப் போகிற வழியில் கை கால் நடுங்கியது என்றாய், மூச்சு அடைத்தது என்றாய், கட்டடத்துக்கு முன்னால் காரை நிறுத்திவிட்டு உள்ளே போக முடியாமல் அப்படியே இருந்து அழுதேன் என்றாய். டாக்டரிடம் போயிருக்கிறாய், மருந்து எடுக்கிறாய். எனக்கு ஒன்றுமே தெரியாது. பிறகு என் முகத்தைப் பாராமல், தமிழிலேயே, "அம்மா, ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ" என்றாய். நீ தமிழில் கேட்டதை நான் அப்போதே கவனித்திருக்க வேண்டும். நான் "சீச்சீ, ஆருக்குச் சொல்லப்போறன்" என்றேன்.

அந்த வெள்ளிக்கிழமையே சொன்னேன். வீட்டு ஜெபக்கூட்டத்தில் கடைசியில் எல்லாரும் ஜெபக் குறிப்புக் கொடுப்பார்கள் அல்லவா, ஒருவருக்கு விசா வரவேண்டும், ஒருவருக்கு சத்திரசிகிச்சை, ஒருவரின் மகள் சோதனை எழுதுகிறாள். என் முறை வந்தது. நான் உன் பெயரைச் சொல்லவில்லை. "ஒரு வாலிபப் பிள்ளை, மனதில் பயம், வேலைக்குப் போகமுடியாமல் இருக்கிறார்" என்றேன். பெயர் சொல்லாமல் சொன்னதில் ஏதோ பெரிய கெட்டித்தனம் செய்ததாக நினைப்பு எனக்கு. சொல்லும்போதே அழுதுவிட்டேன். யாரின் பிள்ளைக்காக ஒரு தாய் அப்படி அழுவாள் என்று கண்டுபிடிக்க ஊரில் சாத்திரியா வேண்டும்? வீட்டுக்கு வருவதற்குள் வட்ஸ்அப்பில் உனக்காக ஜெபம் தொடங்கிவிட்டது, உன் பெயரோடு.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லாரும் நம் வீட்டுக்கு வந்தார்கள். உன்னை அறையிலிருந்து கூட்டிக்கொண்டு வந்ததும் நான்தான். ஹோலின் நடுவில் கதிரை போட்டு உன்னை இருத்தி, சுற்றி நின்று, ஒவ்வொருவராக உன் தலையில் கை வைத்தார்கள். முதலில் போதகர், பிறகு மன்னார் ரூபி அக்கா, பிறகு மற்றவர்கள், கடைசியாக நான். சின்ன வயதிலிருந்தே உன் தலையில் கை வைத்து ஜெபிக்காமல் உன்னை நான் வாசலைத் தாண்ட விட்டதில்லை. பள்ளிக்கூடம், சோதனை, கார் லைசன்ஸ், எல்லாவற்றுக்கும் கை வைத்தேன். அது எனக்கு மூச்சு விடுவது மாதிரி. அன்றைக்கு உன் தலைமயிரே தெரியாத அளவுக்குக் கைகள் இருந்தன. கண்ணை மூடி ஜெபிக்கவேண்டிய நான் கண்ணைத் திறந்து பார்த்தேன். உன் கழுத்து இரண்டு தோளுக்கும் நடுவே இறங்கிக்கொண்டு போனது. கண் மூடியிருக்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டு அசையாமல் இருந்தாய். பிள்ளை உருகி ஜெபிக்கிறான் என்று நினைத்தேன். மோட்டுச் சனம் நான்.

பிறகு நீ என்னோடு ஒரு வார்த்தை சண்டை பிடிக்கவில்லை. பிடித்திருந்தால் நல்லது. நானும் நாலு வார்த்தை பேசி, அழுது, இரவுச் சாப்பாட்டோடு அது முடிந்திருக்கும். நீ மெல்பேர்னில் வேலை எடுத்துவிட்டதாகச் சொன்னாய், குளிர் காலம் தொடங்கும்போது போய்விட்டாய். ஓணானை அந்த நாட்டுக்குக் கொண்டுபோக விடமாட்டார்களாம், இல்லாவிட்டால் அதையும் கொண்டு போயிருப்பாய். போகிற அன்று தொட்டிக்குப் பக்கத்தில் நின்று எனக்குப் பாடம் எடுத்தாய். எந்த லைற் எப்போது போடுவது, வெட்டுக்கிளிக்கு எப்படிக் கல்சியம் தூள் தூவுவது என்றெல்லாம் சொன்னாய். "ஹி இஸ் ஸ்டில் அ பேபி, அம்மா. டோன்ட் ஹோல்ட் ஹிம் டூ மச்" என்றாய். நான் "ஓம் ஓம்" என்று சொல்லிக்கொண்டே உன் பெட்டிக்குள் மிளகாய்த்தூள் பையைத் திணித்துக்கொண்டிருந்தேன். லைற்றும் தூளும் என் மண்டைக்குள் ஏறின. கடைசியாகச் சொன்னது ஏறவில்லை.

முதலில் கெவின் உன் அறையில்தான் இருந்தது. நன்றாகச் சாப்பிட்டது, அது பொய்யில்லை. என்னால்தான் அந்த அறைக்குள் போகமுடியவில்லை. உன் கட்டில், நீ விட்டுப்போன அந்தச் சாம்பல் நிற ஜம்பர், ஜன்னலோரம் தண்ணீர்ப் போத்தல். ஒவ்வொரு தரமும் சாப்பாடு வைக்கப் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன். சரி, வேண்டாம் என்று தொட்டியை ஹோலுக்குத் தூக்கிவந்து, வசனக் கலண்டருக்குக் கீழே வைத்தோம். காலையில் வேலைக்குப் போக முன் ஜெபிப்பேன் அல்லவா, தலையில் கை வைக்க நீ இல்லை. கை சும்மா இருக்குமா? மூடியைத் திறந்து, கெவினின் தலையில் விரல்களை வைத்து, ஆண்டவரே என் பிள்ளையைக் காத்துக்கொள்ளும் என்று கேட்டேன். சிரிக்காதே. முதல்நாள் எனக்கே சிரிப்பு வந்தது. பிறகு அது பழகிவிட்டது. மாலையில் வேலையால் வந்ததும் தூக்கி மடியில் வைத்துக்கொள்வேன். அது ஓடும், பிடிப்பேன். மறுபடி ஓடும், மறுபடி பிடிப்பேன். வெள்ளிக்கிழமைகளில் வருகிறவர்கள் "இஞ்ச தாங்கோ, நானும் ஒருக்கா" என்று, ஞானஸ்நானத்துக்கு வந்த குழந்தையை மாற்றி மாற்றித் தூக்குவது போல அதைக் கைக்குக் கை வாங்கினார்கள். பிள்ளைகள் கண்ணாடியில் தட்டிப் படம் எடுத்தார்கள். உன்னையும் அந்த ஹோலில் அப்படித்தான் தூக்கித் திரிந்தோம். கொஞ்சம் வளர்ந்தபின், வந்தவர்களுக்கு முன்னால் மனப்பாட வசனம் சொல்ல வைத்தோம். நீ உடுப்பு அலமாரிக்குள் போய் ஒளிந்தாய், நான் பிடித்து இழுத்துவந்தேன்.

கெவினின் தாடி கறுத்தது. ஊத்தை பட்டுவிட்டதாக்கும் என்று ஈரத் துணியால் துடைத்தேன். அது வாயை ஆவென்று திறந்து என்னைப் பார்த்தது, பசியாக்கும் என்று வெட்டுக்கிளியை வாய்க்கு முன்னால் பிடித்தேன். வயிற்றில் கறுப்புக் கோடுகள் வந்தன. இளஞ்சூட்டுத் தண்ணீரில் குளிக்க வார்த்துத் துவாயால் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன். நான் செய்கிற தொழில் அதுதானே, சுகமில்லை என்றால் தூக்கு, குளிப்பாட்டு, துடை. அது சாப்பிடுவதை நிறுத்தியது. சாப்பிடவில்லையே என்ற பயத்தில் இன்னும் கூடத் தொட்டேன். அதே நாட்களில்தான் உனக்கும் காலையும் மாலையும் போன் எடுத்துக்கொண்டிருந்தேன். நீ பதில் தராவிட்டால் மறுபடி அடித்தேன். அப்படியும் பதில் இல்லாவிட்டால் உன்னோடு வீட்டில் இருக்கிற பெடியனின் நம்பரைத் தேடிப் பிடித்து, "அவன் சாப்பிட்டானோ?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை பாவம், மரியாதையாகப் பதில் சொன்னான். அன்றைக்கு நீ அனுப்பிய செய்தி இன்னும் என் போனில் இருக்கிறது. "அம்மா, பிளீஸ்." அவ்வளவுதான் அதில் இருந்தது.

அப்பா புக்கெகோஹித் தோட்ட வேலையால் வரும்போது கெவினுக்கென்று பார்த்துப் பார்த்து இலைகள் கொண்டுவருவார். ஒருநாள் அந்த இலையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நான் ஓணானை மடியில் அமுக்கி வைத்திருந்தேன். "இஞ்சேரப்பா, நீ தொட்டுத் தொட்டே அதைக் கொல்லப்போறாய்" என்றார். எனக்குச் சுருக்கென்று ஏறியது கோபம். "ஓமோம், நீங்கள் ஒருநாளும் தொடாமத்தானே பிள்ளை வளர்த்தனீங்கள்!" என்றேன். சொல்லியிருக்கக் கூடாது. அவர் இலையை மேசையில் வைத்துவிட்டுப் பின்வளவுக்குப் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, "அது உண்மைதான்" என்றார். நீ நடுங்கிக்கொண்டு இருந்த நாட்களில் உன் அறை வாசல்வரை வந்து நின்றுவிட்டுத் திரும்பிப்போவாராம், என்ன சொல்வதென்று தெரியாமல். அதை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். உனக்கு அகப்பட்ட தாய் தகப்பனைப் பார்! ஒன்று கையை எடுக்கவே தெரியாதது, மற்றது கையை நீட்டவே தெரியாதது.

அடுத்தநாள் இரண்டு பேருமாகக் கெவினை மிருக வைத்தியரிடம் கொண்டுபோனோம். வைத்தியர் ஒரு சின்னப் பெட்டை, மெல்லிய குரல். நிறுத்துப் பார்த்தாள், வயிற்றைப் பார்த்தாள், வாயைப் பார்த்தாள். மெலிந்துவிட்டது, ஆனால் வருத்தம் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை என்றாள். பிறகு "இதை யார் தூக்குகிறார்கள், எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள். அப்பா என்னைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன், காலை ஜெபத்தைக்கூட. எப்படிக் கை வைப்பீர்கள், காட்டுங்கள் என்றாள். நான் கையை உயர்த்திக் கெவினின் தலைக்கு மேலே கொண்டுபோனேன். கை தொடவே இல்லை. நிழல் விழுந்ததுமே அது உடம்பைத் தட்டையாக்கி மேசையோடு ஒட்டிக்கொண்டது. கழுத்து உள்ளே போனது. எனக்கு வைத்தியரின் மேசை மறைந்து போய் நம் வீட்டு ஹோல் தெரிந்தது, கதிரை தெரிந்தது, நீ தெரிந்தாய்.

அவள் பொறுமையாக விளக்கினாள். கெவினின் உச்சந்தலையில் ஒரு சின்னப் புள்ளி இருக்கிறதாம், கண் மாதிரி. அதற்கு உருவம் தெரியாது, வெளிச்சமும் நிழலும் மட்டும் தெரியும். மேலே நிழல் விழுந்தால் அதற்குப் பருந்து. உங்கள் மனதில் இருக்கும் அன்பு அந்தப் புள்ளிக்குத் தெரியாது, நிழல்தான் தெரியும் என்றாள். குஞ்சு என்றால் இன்னும் பயம் கூடவாம். இப்போதைக்கு இரண்டு கிழமைக்குத் தொடவே வேண்டாம், சாப்பாடு தண்ணீர் வைத்துச் சுத்தம் செய்துவிட்டு விலகிவிடுங்கள், சத்தமில்லாத இடத்துக்கு மாற்றுங்கள் என்றாள். நன்றாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு நாளுக்கு ஒருமுறை, இல்லை ஒன்றுவிட்ட ஒருநாள், ஐந்து நிமிஷம் போதும். கையைப் பக்கத்தால், கீழால், அதற்குத் தெரியும்படி கொண்டுபோக வேண்டும். வயிற்றுக்கும் நாலு காலுக்கும் கீழே கை தாங்க வேண்டும், வாலைப் பிடிக்கவே கூடாது. அது சாப்பிட்ட உடனே தூக்கக் கூடாது, தோல் உரிக்கிற நாட்களில் சும்மா விட்டுவிட வேண்டும். தாடி கறுத்தால், ஓடப் பார்த்தால், உடனே திரும்ப விட்டுவிட வேண்டும். அதற்குப் பழகப் பழக நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டலாம் என்றாள்.

காரில் வரும்போது எனக்கு வந்த கோபம் என்மேல்தான். இதெல்லாம் எனக்குப் புதிதா? எங்கள் முதியோர் இல்லத்தில் புதிதாக வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு இதைத்தானே நான் நாள் முழுக்கச் சொல்கிறேன்! கதவைத் தட்டாமல் உள்ளே போகாதே, பின்னால் நின்று தொடாதே, முன்னால் வந்து முகத்தைக் காட்டு, என்ன செய்யப்போகிறாய் என்று சொல், அவர்கள் ஓம் என்று சொல்லும்வரை நில். அங்கே ஒரு கிழவர் இருக்கிறார், கிட்டே போகிற எல்லாருக்கும் அடிப்பார். எனக்கு மட்டும் அடிக்கமாட்டார். ஏனென்றால் நான் அவருடைய கதிரைக் கையில் என் கையை மலர்த்தி வைத்துவிட்டுப் பக்கத்தில் இருப்பேன், அவராக என் விரலைப் பிடிக்கும்வரை ஒன்றும் செய்யமாட்டேன். அது என் பெருமை. மேற்பார்வையாளர் மற்றவர்களைக் கூப்பிட்டு அதைக் காட்டுவார். யாரோ ஒருவரின் தகப்பனுக்குக் கதவு தட்டத் தெரிந்த எனக்கு, நான் பெற்ற பிள்ளையின் கதவைத் தட்டத் தெரியவில்லை. ஊருக்குத்தான் உபதேசம் என்பது வேறு யாருக்குச் சொன்னது!

தொட்டியைத் திரும்பவும் உன் அறைக்குக் கொண்டுபோனோம், ஜன்னலோரம் பழைய இடத்திலேயே வைத்தோம். சாப்பாட்டை வைத்துவிட்டு வெளியே வந்துவிடுவேன். அதற்குள் என் கைகள் பட்ட பாடு! மூடியை மூடியபின்னும் ஒருமுறை தொட்டால் என்ன, ஒரே ஒருமுறை, என்று மனம் கிடந்து அரிக்கும். தொடாமல் இருப்பதும் ஒரு வேலை ராசா, துடைப்பதைவிடக் களைப்பான வேலை. உனக்கும் போன் எடுப்பதை நிறுத்தினேன், கவனித்தாயோ தெரியாது. ஏழெட்டு நாள் ஒன்றும் நடக்கவில்லை. வெட்டுக்கிளிகள் தொட்டிக்குள் உலா வந்தன, கெவின் கல்லின் கீழே கிடந்தது. இது செத்தால் உனக்கு என்ன சொல்வேன் என்று நினைத்து நினைத்து எனக்கும் சோறு இறங்கவில்லை. உன்னிடமிருந்து செய்தி வந்தது, கெவின் சாப்பிடுதா என்று. நான் அன்றைக்கும் ஓம் என்று பொய் எழுதினேன். எழுதிவிட்டு உன் கட்டிலில் இருந்து அழுதேன்.

இப்படி இருக்கும்போது வெள்ளிக்கிழமை வந்தது. ரூபி அக்கா ஹோலில் வெறும் மேசையைப் பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, மகனிட ஓணானுக்குச் சுகமில்லையாமே? இஞ்ச கொண்டுவா, கை வைச்சு ஜெபிப்பம்" என்றார். உண்மையான பாசத்தோடுதான் கேட்டார், ஜெப எண்ணெய்க் குப்பிகூடக் கைப்பைக்குள் இருந்திருக்கும். நான் "வேண்டாம் அக்கா, அதுக்குப் பயம்" என்றேன்.

"ஜெபத்துக்கு என்ன பயம்?"

"ஜெபத்துக்கில்லை அக்கா. மேலால வாற கைக்கு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. "அண்டைக்கு என்ர பிள்ளைக்கும் அப்பிடித்தான் இருந்திருக்கும்" என்றேன். சிரிப்பு நின்றது. ரூபி அக்கா தன் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நாங்கள் அன்பிலதானே வைச்சனாங்கள்" என்றார் மெதுவாக. "ஓம் அக்கா, அன்பிலதான். நானும் அன்பிலதான் உங்களிட்டச் சொன்னனான். அவன் சொல்லாதேங்கோ எண்டவன்" என்றேன். அன்றைக்குப் பாட்டு யாருக்கும் சரியாக வரவில்லை. அக்கா தேத்தண்ணி குடிக்காமல் போனார். அவரை நோகடித்துவிட்டேன் என்று எனக்குக் கவலைதான். ஆனாலும் சொன்னதைத் திருப்பி எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

அதற்கு அடுத்த கிழமை கெவின் ஒரு வெட்டுக்கிளியைப் பிடித்துத் தின்றது. நாள் போகப் போக இலையும் தின்றது. நல்லாய்ச் சாப்பிடுகிறது என்று உறுதியான பிறகு, கையைக் கழுவி, மூடியை விட்டுவிட்டுத் தொட்டியின் பக்கக் கதவைத் திறந்து, மணலில் கையை மலர்த்தி வைத்துக்கொண்டு தரையில் இருந்தேன். முதல்நாள் அது தூர நின்று பார்த்தது. நான் கையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். மறுநாளும் அப்படித்தான். என் கால் மரத்துப்போயிற்று. கர்த்தாவே, இந்த வயதில் ஓணானுக்குத் தவம் இருக்க வைத்தீரே என்று முணுமுணுத்தேன். பிறகு ஒருநாள், நான் வேறெதையோ யோசித்துக்கொண்டிருந்தபோது, ஏதோ குறுகுறுத்தது. குனிந்து பார்த்தால் கெவினின் முன்கால்கள் என் விரலில். கொஞ்ச நேரம் அப்படியே நின்று யோசித்தது. பிறகு முழுதாக ஏறி உள்ளங்கையில் படுத்துக்கொண்டது. தாடி வெளிறி இருந்தது. நான் மூச்சே விடவில்லை. மற்றக் கை தானாக எழும்பியது, தலையைத் தடவ. அதைக் காலுக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டேன். கெவின் அசையத் தொடங்க முன் மெதுவாக இறக்கிவிட்டேன்.

இப்போது உனக்கு ஒரு புத்திமதி, தாய் என்றால் சொல்லாமல் விடுவேனா? நீ வந்தால், ஆசையில் ஓடிப்போய்க் கெவினை அள்ளித் தூக்காதே. நீ போய் இத்தனை மாதம். அது வளர்ந்துவிட்டது, உன்னை மறந்தும் இருக்கலாம். நீயும் அதற்கு முன்னால் தரையில் இருந்து கையை மலர்த்தி வைத்துக் காத்திருக்க வேண்டும். முதல் நாள் வராவிட்டால் மனம் நோகாதே. 'வந்தால்' என்று எழுதியிருக்கிறேன், கவனி. டிசம்பரில் நத்தாருக்கு வரக்கூடும் என்று நீ சொன்னதிலிருந்து ஒவ்வொரு நாளும் அதைத்தான் நினைக்கிறேன், தெருவில் நத்தார் நேரம் சிவப்பாய்ப் பூக்கிற பொஹுடுகாவா மரம் மொட்டு விட்டுவிட்டது, நீ டிக்கெட் எடுத்தாயா என்று எனக்குத் தெரியாது. கேட்கவும் மாட்டேன். வந்தால் விமான நிலையத்துக்கு அப்பா மட்டும் வருவார். பாவம், அவர் உன்னிடம் கையை நீட்டிப் பழகட்டும், அவருக்கும் கொஞ்சம் பொறுமை காட்டு. நான் வீட்டில் இருப்பேன். உன் அறைக் கதவைத் தட்டுவேன், நீ ஓம் என்று சொல்லும்வரை நிற்பேன். உன் தலையில் கை வைக்கமாட்டேன், நீயாகக் குனிந்தால் தவிர. ஒன்றே ஒன்று கேட்கிறேன், அதற்கு மட்டும் பதில் எழுது. உனக்கு நான் எத்தனை நாளைக்கு ஒருமுறை போன் எடுக்கலாம்? நீ சொல்கிற கணக்கு எனக்குப் போதாமல்தான் இருக்கும். அழுவேன், உனக்குக் கேட்காமல் அழுவேன். ஆனால் நீ சொன்னபடி நடப்பேன்.

கெவின் கையில் ஏறியதை நான் படம் எடுக்கவில்லை, ஒருவருக்கும் சொல்லவில்லை, அப்பாவைத் தவிர. நேற்று வெள்ளிக்கிழமை. ஜெபம் கேட்கப்பட்டதற்கு ஆரும் சாட்சி சொல்ல இருக்கோ என்று கேட்டார்கள். என் நாக்குப் பட்ட பாடு ஆண்டவருக்குத்தான் தெரியும், நான் எழும்பவில்லை. ரூபி அக்கா வந்திருந்தார். தேத்தண்ணியும் குடித்தார். போகும்போது வாசலில் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, ஒருவருக்கும் கேட்காத குரலில், "மகன் எப்பிடி இருக்கிறான் பிள்ளை?" என்று கேட்டார். சொல்ல எனக்கு எவ்வளவோ இருந்தது. நீ போன் எடுக்காதது, மருந்து, என் பயம், எல்லாம் தொண்டைவரை வந்து நின்றது. "எனக்குத் தெரியாது அக்கா" என்றேன், அது உண்மையும்தான். "வந்தானெண்டால் அவன் சொல்லட்டும். சொன்னாக் கேப்பம். சொல்லாட்டிச் சும்மா சோறு போடுவம்."

அம்மா